பயன்பாட்டுச் சான்றிதழ்

முப்பத்தொன்றுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.
இன்று இருபத்தொன்பது, ஞாயிறு,
ஸ்ரீராமபுரத்தில் தண்ணீர் வராத நாள்.
காலிக் குடங்களுக்கு நடுவே
படிவத்தை விரித்திருக்கிறேன்.

'பின்தங்கிய பிரிவு மாணவியருக்கான
அறிவியல் பொறியியல் ஆய்வு நல்கை.'
பெயர் நீளம்.
பணம் அத்தனை நீளமில்லை, நாற்பதாயிரம்,
அதுவும் இரண்டு தவணை.
ஆகஸ்டில் வரவேண்டிய முதல் தவணை
ஜனவரியில் வந்தது.
வந்த இரவே
முந்நூற்று ஐம்பத்து நான்கு ரூபாயை
வங்கி எடுத்துக்கொண்டது,
குறைந்தபட்ச இருப்புகூட இல்லாத மாதங்களுக்காக.
பணம் இல்லாததற்கான அபராதத்தைப்
பணம் வந்த பிறகுதானே பிடிக்க முடியும்.

விண்ணப்பத்தில்
முந்நூறு சொற்களில் கஷ்டத்தை எழுதச் சொன்னார்கள்.
எழுநூறு வந்தது.
சிலிண்டர் சுமக்கும் அப்பாவின் முதுகை வெட்டினேன்.
ரப்பர் செருப்போடு வந்ததற்காக
ஆய்வகத்துக்கு வெளியே நின்ற மதியத்தை வெட்டினேன்.
இருநூற்றுத் தொண்ணூற்றெட்டில் வந்து நின்றது.
மிச்சமிருந்த இடத்தில்
'நன்றி ஐயா' சேர்த்தேன்.

நேர்காணலில் கண்ணாடிக்காரர் கேட்டார்:
ஏன் எலெக்ட்ரானிக்ஸ், பி.காம். சுலபமாயிற்றே?
எங்கள் சந்தில் ஒரே கம்பத்தில்
முப்பத்தாறு வீடு தொங்குகிறது, சார்.
முப்பத்தாறாவது எங்களுடையது.
ராத்திரி ஏழு மணிக்கு
எங்களுக்கு மட்டும் வெளிச்சம் ஏன் மஞ்சளாகிறது என்று
எண்ணில் தெரிந்துகொள்ள வேண்டும்.
அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

இப்போது நான் எழுதுகிறேன்.
மின்னழுத்த உணரிகள் பதினாறு,
எஸ்.பி. ரோடு, ரசீது உண்டு.
பலகைகள், ஈயக்கம்பி, ரசீது உண்டு.
மூடிய காலணியைப்
'பாதுகாப்பு உபகரணம்' என்று போடச் சொன்னார்
அலுவலகத்துச் சேத்தன்,
தலை நிமிராமலே.

மீதம் இரண்டாயிரத்து முந்நூறு.

அது ஹுலிகெம்மாவுக்குப் போனது.
கொப்பளத்துக்காரி.
எங்கள் திட்டத்தின் நிரல் முழுக்க அவளுடையது.
சாதிச் சான்றிதழில் ஹுலிகெவ்வா,
மதிப்பெண் பட்டியலில் ஹுலிகெம்மா.
ஒரு 'வ்'வுக்கும் ஒரு 'ம்'முக்கும் இடையில்
அவளுடைய நல்கை எட்டு மாதமாக நிற்கிறது.
தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளில்
அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
பென்டிரைவை நீட்டி,
'எல்லாம் இதில இருக்கு, நீயே முடிச்சிடு' என்றாள்
கன்னடத்தில்,
யாரோ ஊருக்குப் போகிற மாதிரி.

விதி ஏழு: நல்கையைப் பிறருக்கு மாற்றலாகாது.
முதல் பருவத்தில் படித்தது வேறு விதி:
ஒரு சந்திப்புக்குள் நுழையும் மின்னோட்டம்
அத்தனையும் அங்கிருந்து வெளியேறியாக வேண்டும்.

பென்சிலால் 'மின்தடைகள்' என்று எழுதிப் பார்க்கிறேன்.
ஒன்று ஒரு ரூபாய்.
இரண்டாயிரத்து முந்நூறு தடைகள்.
யாரும் நம்பமாட்டார்கள்.
இல்லை, உடனே நம்பிவிடுவார்கள்.

ஏழு மணி.
பல்பு மஞ்சளாகிறது.
அம்மா சட்னி அரைக்கத் தொடங்க,
விடுதியிலிருந்து ஹுலிகெம்மாவின் செய்தி:
'கடைசி வீடு நூற்று அறுபத்தெட்டு.
இந்த வாரத்திலேயே குறைவு.
உங்க வீட்டு மிக்ஸிதானே?'

நாலு மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு
என் அம்மாவின் சட்னியைத்
திரையில் பார்க்கிறாள்.

பென்சிலை அழித்தேன். தாள் கொஞ்சம் கிழிந்தது.
கிழிசலை ஒட்டிப் பேனாவால் எழுதினேன்:
ஹுலிகெம்மா என்கிற ஹுலிகெவ்வா,
தேர்வுக் கட்டணம்,
ரசீது இணைக்கப்பட்டுள்ளது.

நாளை சேத்தன் தலை நிமிரக்கூடும்.
இரண்டாம் தவணை வராமலே போகக்கூடும்.
'கரன்ட்டு பத்தலடி' என்கிறாள் அம்மா,
மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு.
தேங்காய் இன்னும் திப்பிதிப்பியாக இருக்கிறது.