நின்ற நாளின் செலவு

என்னிடம் இரண்டு நோட்டு.
நீல அட்டை வங்கிக்கு.
மற்றது டீசல் குடித்துக் கறுத்தது,
கணவருக்கும் காட்டியதில்லை.

வண்டி கப்வேக்கு வந்தபோதே கிழம்.
இங்கிலாந்தின் ஈரத்தில் கோழித்தீவனம் சுமந்து
ஒன்பது லட்சம் கிலோமீட்டர் ஓடி
கப்பலேறி வந்தது.
பழைய கம்பெனியின் பெயரைச் சுரண்டிவிட்டோம்.
வெயில் படாத எழுத்துகள்
கதவில் இன்னும் வெளிறித் தெரிகின்றன.
மலிவு என்றார்கள்.
மலிவுதான்,
வாங்கிய அன்று மட்டும்.

இருபத்திரண்டு டயரும் சொல்லிவைத்துத் தேய்வதில்லை.
ஒன்று ம்பிகாவில், இரண்டு செரெஞ்சேயில்,
ஒன்று எங்கேயென்று டிரைவர் சின்யாங்வே
இதுவரை சொல்லவில்லை.

எஞ்சினைத் திறந்தோம்.
"ரிங் மட்டும் மாற்றலாம் அம்மா,
புது ரிங் பழைய லைனரோடு
குடித்தனம் நடத்தாது" என்றான் மெக்கானிக் சிடாலு.
லைனர் மாற்றினோம், பிஸ்டன் முறைத்துக்கொண்டது.
பிஸ்டன் மாற்றினோம்,
ஹெட்டில் மயிரிழை விரிசல்.
அந்தப் பக்கத்தில் தொகையை எழுதவில்லை,
பேனாவை அழுத்தி ஒரு கோடு கிழித்திருக்கிறேன்.
தாள் கிழிந்து
அடுத்த பக்கத்தின் கிளட்ச் பிளேட் தெரிகிறது.

சின்சாலி தாண்டி நின்றபோது வேண்டியிருந்தது
உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஆயில் சீல்.
சீலின் விலை நூற்றிருபது குவாச்சா.
லுசாகாவிலிருந்து அது பஸ்ஸில், பிறகு டாக்ஸியில்,
பிறகு யாரோ ஒருவரின் பைக்கில் போன கூலி
இரண்டாயிரத்து முந்நூறு.
சுண்டைக்காய் கால் பணம்
என்று சிரிக்கக்கூட
அன்று வாய் வரவில்லை.

யானையைக் கட்டித் தீனி போடலாம்.
யானை ஆயிரம் கிலோமீட்டருக்கு
மூன்று லிட்டர் எஞ்சின் ஆயில் கேட்காது.

சனிக்கிழமை கபெம்ப்வா வந்தான்,
உருக்காலை அனுப்பிவைத்த பணத்தைக்
காக்கி உறையில் எடுத்துக்கொண்டு.
டயரை உதைத்தான். எல்லாரும் உதைப்பார்கள்.
எஞ்சின் சத்தம் நன்றாகத்தான் இருந்தது,
சிடாலு காலையிலேயே கெட்டி ஆயில் ஊற்றியிருந்தான்.
"மாசம் என்ன செலவாகும்?"

நீல நோட்டுதான் மேசையில் இருந்தது.
உறையின் மூலையில் அவன் விரல்
எண்ணி எண்ணித் தேய்த்த அழுக்கு.
உள்ளே போய்க் கறுப்பைக் கொண்டுவந்தேன்.

டர்போவைப் புரட்டினான், இஞ்செக்டரைப் புரட்டினான்,
ஓரிடத்தில் நின்றான்:
கசும்பலேசா. பன்னிரண்டு நாள்.
எதிரே தொகை இல்லை.
"இங்கே என்ன உடைந்தது?"

"ஒன்றும் உடையவில்லை.
எல்லையில் வரிசை.
வண்டி நின்றது, வங்கித் தவணை ஓடியது,
சின்யாங்வேக்குச் சாப்பாடு,
அவன் வீட்டில் பிறந்த குழந்தைக்கு
நான் அனுப்பிய முன்பணம்.
இதற்கு எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடைக்காது."

உறையைச் சட்டைக்குள் வைத்தான்.
கேட்டுவரை போய்த் திரும்பி வந்து
விலையைப் பாதியாகச் சொன்னான்.
நான் முடியாது என்றேன்.
திங்கட்கிழமை வருகிறேன் என்றான்,
வருவான், வராமலும் போவான்.

இருட்டியதும் டார்ச்சோடு போய்
ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன்.
கோட்டுக்கு ஒரு விரல் கீழே.
ஒரு லிட்டர் ஊற்றினேன்.
இரண்டு நோட்டிலும் எழுதவில்லை.