கழிவுக் கணக்கு

அஸ்தம்பட்டியில் லோடு ஏற்றும்போது
முதலாளி எண்ணித் தருவார்:
முட்டை நானூற்றி இருபது, பிரெட் அறுபது,
பன் நூற்றி இருபது.
ஏற்காட்டில் ஹாஸ்டல் சமையல்கட்டு எட்வினா அக்கா
திரும்ப எண்ணுவார்.
பன் நூற்றிப் பதினெட்டு.
"மலையில ஆவி இருக்குப்பா" என்பார்.

ஆவிக்கு இடது காது பாதிதான் இருக்கிறது.

பதினோராம் கொண்டை ஊசியில்
என் குட்டியானை மூச்சுத் திணறி
ஒன்றாம் கியருக்கு இறங்கும்.
நடந்து வருகிறவர்கூட முந்திவிடலாம்.
அந்த இடத்தில் ஏறி
அடுத்த வளைவுக்குள் இறங்கிவிடுவாள்.

முதலில் கயிறுதான் கட்டியிருந்தேன்.
இரண்டே நாள்.
லாரிக்காரர்களிடம் கேட்டு
ஒரு முரட்டு முடிச்சு போட்டேன்.
சுவரில் குந்தி, தலையைச் சாய்த்து,
நான் கட்டி முடிக்கும்வரை பார்த்தாள்.
ஒரு வாரம்.
அப்புறம் கொக்கி. எங்கள் வீட்டுப் பின்கதவில் இருக்கிற
அதே மாடல்.
அதை நானே இன்றுவரை
இரண்டு தடவை முயன்றுதான் திறக்கிறேன்.

கடைசியில் பூட்டு.
பூட்டை அவள் தொடக்கூட இல்லை.
சாவியை நான் பையில் போடுவதைப் பார்த்துவிட்டு
பெட்டிக்குப் பின்பக்கம் போனாள்.
பலகை விரிந்து
ஒரு கை மட்டும் நுழைகிற சந்து.
நாலு வருடமாக ஓட்டுகிறேன்,
எனக்கு அப்படி ஒரு சந்து இருப்பதே தெரியாது.

ஒரே ஒரு முறை முட்டை எடுத்தாள்.
காதோரம், அந்தப் பாதிக் காதோரம்,
ஆட்டிப் பார்த்தாள்.
திரும்ப வைத்துவிட்டாள்.
அன்றைக்கு எட்வினா அக்கா உடைத்ததில்
ஒன்று கூமுட்டை.
அதுதானா இது, எனக்குத் தெரியாது.
அதுதான் என்று சொல்லித் திரிகிறேன்.

ரவுண்டானாவில் ஒரு செவலை நாய் இருக்கிறது.
சிக்னலைப் பார்க்காது, போலீஸ்காரர் கையைப் பார்க்காது.
பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கால்களைப் பார்க்கும்.
முதல் ஷூ அசைந்ததும் தானும் கிளம்பும்.
ஆனால் ஓடுகிற கால்களோடு
அது ஒருநாளும் சேர்ந்து கடந்ததில்லை.
இதையும் நான் கவனிக்க ஆரம்பித்தது
அவளால்தான்.

ஆடி மாதம் சைலன்சர் கழன்று ஆடியது.
குகையில் இலியாஸ் பாய் வெல்டு வைத்தார்.
அறுநூற்றைம்பது ரூபாய்.
வண்டி பூனை மாதிரி மலை ஏறியது.
பதினோராம் வளைவில்
அவள் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்,
முதுகைக் காட்டி.
திரும்பவே இல்லை.

பன் நூற்றி இருபது.
எட்வினா அக்கா இரண்டு தரம் எண்ணினார்.
"இன்னைக்கு ஆவி லீவா?"

மறுநாளும் லீவு.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.
போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தி வைத்தால் என்ன
என்று யோசித்ததை
செங்கமலத்திடம் சொல்லவில்லை.
சொன்னால், அறுநூற்றைம்பதைச் சொல்வாள்.

மூன்றாம் நாள் எனக்கு முன்னால்
இன்னொரு குட்டியானை, பச்சைத் தார்ப்பாய்.
ஒன்பதாம் வளைவு.
கீழே வருகிற வண்டியெல்லாம் தெரிகிற இடம்.
"குரங்குகளுக்கு உணவளிக்காதீர்"
வனத்துறை போர்டின் மேல்
காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.
பச்சையைப் போகவிட்டாள்.
என் நீலம் திரும்பியதும் எழுந்தாள்.

காது கைவிட்ட இடத்தில்
கண்ணை வைத்துவிட்டாள்.
எனக்கென்றால்
ஒரு மெமோ வந்திருந்தாலும் ஒரு மாதம் ஆகியிருக்கும்.

முதலாளி நோட்டில் 'கழிவு: 2' என்று எழுதிக்கொள்கிறார்.
சந்தை அடைக்கச் சொன்னார்.
பலகை வாங்கிவிட்டேன்,
அளவுக்கு அறுத்தும் வைத்திருக்கிறேன்,
பொங்கலிலிருந்து சீட்டுக்கடியில் கிடக்கிறது.

ஆணிதான்
வாங்க மறந்து மறந்து போகிறது.