நான்காவது நிலை

குஹ்மோவில் மரலாரி ஓட்டும் இர்மெலியின்
நோட்டுப் புத்தகத்தில் போன கோடை இப்படி இருந்தது:
பதினேழு. பத்தொன்பது. பதினேழு. பதினாறு.
இருபத்தைந்து தட்டுக்கு.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மட்டும்
இருபத்துநான்கு.
அன்று என்ன செய்தாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள்.
வந்து போன அதிர்ஷ்டம்
வாசலில் செருப்புத் தடம்கூட விடவில்லை.

பிறகு பனி.
தோட்டா இல்லாமல் சுடத் தொடங்கினாள்.
குழல் வாயில் பேனா டார்ச்சைச் செருகி,
சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மேல்
வெளிச்சத்தை நடக்கவிட்டாள்.
இடுப்பிலிருந்து தோளுக்கு,
கன்னம் கட்டையில்,
ஓட்டு,
விசையைத் தொடு,
இன்னும் ஓட்டு.
இரவுக்கு ஐம்பது முறை.

எதிர்வீட்டு ஓர்வோ
ஒன்பது மணிக்கு ஜன்னலில் அலையும் ஒளியைப் பார்த்து
"மின்சாரக் கோளாறா?" என்றார்.
"இல்லை, கைக்கோளாறு."

கோளாறு இதுதான்:
விசை தொட்ட கணத்தில் அவள் நின்றுவிடுகிறாள்.
தட்டு நிற்பதில்லை.
எழுபது டன் மரத்தை வளைவில் திருப்பும்போது
எந்தக் கணமும் நிறுத்தாத அதே கைகள்தாம்.
சுவரில் ஒளி தடுக்கி விழுந்த இடத்தில்தான்
அதைக் கண்ணால் பார்த்தாள்.
டிசம்பர் முழுக்கத் தடுக்கியது.
ஜனவரியிலும்.
பிப்ரவரியில் ஒருநாள் எண்ண மறந்து
எழுபது தாண்டியிருந்தாள்.

மே மாதம் திடல் திறந்தது.
நான்காவது நிலை.
"ஹெப்!"
கூப்பிட்டதும் வராது; மூன்று விநாடிக்குள்
அதற்கு மனம் வந்தபோது வரும்.
இடமிருந்து வலமாக ஓர் ஆரஞ்சுக் கீற்று.
குழல் நிற்கவில்லை.
கரும்புகை, தூள்.

இருபத்தொன்று என்று எழுதினாள்.
அடுத்த வாரம் இருபத்தொன்று.
மழையில் இருபது.
இருமலோடு இருபத்தொன்று.
ஆகஸ்டின் அந்த எண்ணைச் சுற்றிப் பென்சிலால்
ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில்
'விருந்தாளி' என்று குறித்தாள்.

பனி உருகிய பாசிமேட்டில்
ரவை படாமல் போன பழைய தட்டுகள்
முழுசாகக் கிடந்தன.
பெயர்தான் களிமண்;
உள்ளே சுண்ணாம்பும் கீலும்.
ஒன்றை எடுத்துத் துடைத்து
லாரியில், ஸ்டியரிங்குக்கு மேலே வைத்தாள்.
வளைவுகளில் அது நகர்கிறது.
அவள் அதைப் பார்ப்பதில்லை,
சாலையைப் பார்க்கிறாள்.