சாலிம் எங்கே போனான்

வெள்ளிக்கிழமை. மனாமாவில் நாற்பத்தாறு டிகிரி.
திரையை இழுத்துவிட்டு, போனை அணைத்துவிட்டு
நாற்பத்து நான்கு அத்தியாயங்களையும்
பார்த்துத் தீர்ப்பதென்று உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்தில் ஸாரிம் அரபி பேசினான்.
அறுபது மீட்டர் இரும்பு, முழங்காலில் சிவப்புப் பட்டை.
இலக்கணம் பிசகாத ஏட்டு அரபியில்
எதிரியை எச்சரித்த பிறகுதான் அடிப்பான்.
அவனிடம் கற்ற மொழியில் நான்
ஹூராவின் ரொட்டிக்கடை வாசலில் நின்று
"ரொட்டி சுடுபவரே, எமக்கு இரண்டு அருள்வீராக" என்றேன்.
அடுப்புக்காரர் சிரித்த சிரிப்பில் ஒரு ரொட்டி கருகியது.
காசு வாங்கவில்லை.

இப்போது ஜப்பானிய மொழி, அடியில் எழுத்து.
ஸாரிமுக்கு அங்கே வேறு பெயர்,
ஓட்டுகிற பையனுக்குத் தொண்டை கட்டிய குரல்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.
ஹித் பட்டறையில் கப்பல் பழுது மதிப்பிடுவது என் பிழைப்பு;
தட்டிப் பார்க்காமல் எந்தத் தகட்டுக்கும் கையெழுத்துப் போடுவதில்லை.
ஒரே மலையை ஒன்பது தடவை உடைக்கிறார்கள்.
ஒரே வெடிப்பு, இடம் வலம் மாற்றி.
பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை வெறும் புட்டி.
வில்லன் சிரித்து முடிப்பதற்குள்
நான் தேநீர் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனாலும் அவன் மண்டியிடும் காட்சி.
பையன் இறங்குவதற்காக அவ்வளவு பெரிய உடம்பு
பதினோரு நொடி எடுத்துக்கொண்டு மடங்கும்.
இசை கிடையாது. கீல் முனகும்,
மூட்டிடுக்கிலிருந்து மணல் உதிரும்.
யாரோ ஒருவர் நிஜ எந்திரத்தின் பக்கத்தில்
காது கொடுத்து நின்றிருக்கிறார்.
உலர்துறையின் கிரேன் ஓயும்போது
நான் கேட்கிற அதே முனகல்.

பிறகு முப்பத்தொன்று.

அந்த முழங்காலுக்குள் ஏறி மரை முடுக்குகிறவன் சாலிம்.
அரபியில் பையன் கேட்பான்: சாலிம் எங்கே?
தளபதி சொல்வார்: ஸாஃபர. பயணம் போய்விட்டான்.
படம் ஒரு குதி குதிக்கும். பால்மாவு விளம்பரம் வரும்.

ஆன்டெனா கோளாறு என்று நினைத்தேன்.
காற்றில் ஈரம் ஏறிய இரவுகளில்தான்
குவைத் அலை வழிதவறி எங்கள் வீட்டுக்கு வரும்.
இரண்டாம் மாடி மகுதூம் காக்கா
மொட்டைமாடியில் கம்பியைத் திருப்புவார்.
"தெரியுதா?"
"இல்ல காக்கா."
"இப்ப?"
"வந்துருச்சு, வந்துருச்சு, விட்டுராதீங்க!"

இன்று வெட்டாத மூன்று நிமிடம் பார்த்தேன்.
சாலிம் முழங்காலுக்குள்ளேயே இருக்கிறான்.
கரை உடைகிறது. எழுந்தாக வேண்டும்.
எழு, என்கிறான் உள்ளிருந்து, பசிக்கிறது என்பதைப் போல.
பையன் நெம்புகோலைத் தொடுகிறான், விடுகிறான், தொடுகிறான்.
ஸாரிம் எழுகிறான்.
அதே கீல். அதே பதினோரு நொடி.

முப்பத்திரண்டிலிருந்து முழங்காலில் பட்டை இரண்டு.
வரைந்தவரின் பிழை என்று
நாலாம் வகுப்பு முழுக்க வாதாடி ஜெயித்தவள் நான்.

அந்த ஆண்டுதான் படம் வருவது நின்றது.
கம்பியைத் திருப்ப ஆளில்லை.
"காக்கா சபர் போயிட்டாங்க" என்றாள் உம்மா.
மாடிப்படியில் அவருடைய செருப்பு கிடந்தது.
சலாம் சொல்லாமல் போய்விட்டாரே என்று
நான்தான் கோபமாக இருந்தேன்.

இரவு காயல்பட்டினத்துக்குப் போன் போட்டேன்.
"உம்மா, மகுதூம் காக்கா…"
மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
"இப்ப எதுக்குடி அது?" என்றாள்.
அப்புறம், கேட்காமலே:
"படம் தெரியலன்னு அன்னைக்கு நீ ஒரே அழுகை."

மாடியிலிருந்தா என்று நான் கேட்கவில்லை.

மீதி பதின்மூன்று அத்தியாயம் இருக்கிறது.
மலை இன்னும் இரண்டு தடவை உடையும்.
தகடு பல இடத்தில் மெலிந்திருக்கிறது,
சாயம் போயிருக்கிறது,
முழங்கால் மட்டும் தாங்கும்.
கையெழுத்துப் போடுகிறேன்.

ஒலியைக் கூட்டி வைத்தேன்.
மணல் உதிர்ந்து முடிகிற வரைக்கும்
யாரும் எதையும் திருப்ப வேண்டாம்.