பால் கேனில் ஆறு

நாள்கூலி முப்பதாயிரம் துக்ரிக்.
போதகர் பெக் கொரிய மொழியில் சொல்வதை
எங்கள் மொழியில் நான் சொல்ல வேண்டும்.
நம்பவும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லை.

செப்டம்பர் கடைசி. தெல்கெர் ஆற்றோரம்
கண்ணாடிச் சில்லாய் முதல் பனிக்கட்டி.
விடிந்ததிலிருந்து மார்பளவு ரப்பர் உடுப்போடு
தண்ணீருக்குள் நிற்கிறார் போதகர்.
கரையில் ஏழு பேர்:
நிலக்கரி லாரி ஓட்டும் இரட்டையர்,
பள்ளிச் சமையல்காரி, அவள் மருமகள்,
குடியை விட்டு நாற்பது நாளான கொம்போசுரென்,
எதற்கு வந்தான் என்று எனக்கே தெரியாத ஒரு மாணவன்,
கடைசியில் துல்மா.
போன பனிக்காலம் நூற்றிருபது செம்மறிகளைத் தின்றபின்
மிஞ்சிய பதினொன்றை
காலையும் மாலையும் எண்ணுகிறவள்.

நேற்றிரவு தலைநகரிலிருந்து மகன் கேட்டானாம்:
எங்களையெல்லாம் தலைமுழுகப் போகிறாயா?
தலைதான் முழுகப் போகிறேன், என்றாளாம்.

ஆற்றில் ஆறு பேர் முடிந்தது.
போர்வைக்குள் பல்லடித்தபடி ஆறு பேர்
ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
துல்மா அசையவில்லை.

பயமா? என்றார். பயமா? என்றேன்.
பயமில்லை. ஆறு அழுக்காகும்.
போதகர் முகம் மலர்ந்தது.
அழுக்கைப் போக்கத்தானே அம்மா இந்தத் தண்ணீர்!
சொன்னேன்.
அவள் என்னைப் பார்த்தாள், அவரை அல்ல.
பாவத்தை உங்கள் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.
நான் சொல்வது இந்த உடம்பை.
ஓடும் தண்ணீரில் பால் வாளிகூடக் கழுவியதில்லை நான்.

இதையும் சொன்னேன். மலர்ச்சி வாடியது.
ஆற்றுத் தேவதையை இன்னும் கும்பிடுகிறாளா, கேள்.

நான் அப்படிக் கேட்கவில்லை.
ஆற்றுக்குக் கீழே யார் இருக்கிறார்கள், என்று கேட்டேன்.
செவ்ஜித் கூடாரம். கைக்குழந்தை இருக்கிறது.
இந்நேரம் தேநீருக்கு மொண்டுகொண்டிருப்பாள்.

போதகரிடம் திரும்பினேன்:
ஒரு குழந்தைக்குப் பயப்படுகிறாள்.
பொய் இல்லை.
முழு உண்மையா என்று
தேவதையைத்தான் கேட்க வேண்டும்.

அவர் தன் ரப்பர் உடுப்பைக் குனிந்து பார்த்தார்.
அது நேற்று மீன் சந்தையில் வாங்கியது.
பிறகு, ஒன்றும் பேசாமல்,
கரையேறினார்.

நான்கு பால் கேன்கள்.
ஆட்டுக்கு மருந்துக் குளியல் போடும் நீலத் தொட்டி.
இரட்டையர் சுமந்தார்கள், நான் சுமந்தேன்,
அறுபது எட்டு தள்ளி, மேட்டுக்கு அப்பால்.
எத்தனை நடை என்று கணக்கில்லை;
கூலியிலும் அது சேரவில்லை.

தொட்டி சின்னது. முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள்.
போதகர் அவள் பிடரியைத் தாங்கினார்.
பிதா, சுதன், ஆவி.
மூன்று பெயரையும் நான் சொல்லி முடிக்குமுன்
தண்ணீர் மூடித் திறந்தது.
எழுந்ததும் ஏதோ கத்தினாள்.
என்ன சொன்னாள்? என்றார் ஆவலாய்.
குளிருதாம்.

தொட்டியைச் சரிக்கப் போன இரட்டையரைத் தடுத்தாள்,
ஈரச் சடை முதுகில் விறைத்திருக்க.
அந்தப் பக்கம் சரிவு, ஆற்றுக்கே போகும்.
இருக்கட்டும்.

அப்போது அவள் செம்மறிகள் வந்தன.
தொட்டி விளிம்பில் வாய் வைத்தன.
போதகர் எதையோ சொல்ல வாயெடுத்தார்.
நான் காத்திருந்தேன்.
சொல்லவில்லை.

துல்மா எண்ணினாள். பதினொன்று.
பன்னிரண்டாவதாக, யாருடையதோ,
ஒற்றைக் கொம்புடைந்த ஒரு வெள்ளாடு
இடித்துக்கொண்டு குடித்தது.
அவள் விரட்டவில்லை.