ஐம்பதாவது இடம்

மோனிஃபீத்தில் கோல்ஃப் திடலை உரசிக்கொண்டு ரயில் ஓடுகிறது.
டண்டீயிலிருந்து வரும் பெட்டிகளில்
யாராவது ஒருவர் கைபேசியிலிருந்து நிமிர்வார்,
கொடிக்கருகே குனிந்து நிற்கும் ஒருத்தியைப் பார்ப்பார்,
அவள் பந்தைத் தட்டுவதற்குள் கடந்துவிடுவார்.
எனக்கு அவர்களைப் பிடித்திருக்கிறது,
முடிவு தெரியாமலே போகிறவர்களை.

தொழில்முறை ஆட்டக்காரியாகிப் பதினொரு வாரம்.
வென்ற பணம் முந்நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு.
ஒரு போட்டிக்குக் கட்டணம் இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.
மிச்சக் கணக்கை நான் போடுவதில்லை.
குளிர்காலம் முழுக்க லீட்ஸில் இரவு வேலை,
பொதிகளில் முகவரி ஒட்டினேன்.
கை காய்த்துப்போனது எதனால் என்று
இனிப் பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் நாள், பெயர் கூப்பிடுகிற அறிவிப்பாளர்
முன்னதாகவே வந்து விசாரித்து
துண்டுத்தாளில் எழுதிக்கொண்டார்.
பிறகு திருத்தமாக, அழகாக, "ஆரபி" என்றார்.
அந்த அதிர்ச்சியில் பந்தைக் கோரைக்குள் அடித்தேன்.

இரண்டாம் நாள் நான்கு மணிக்கு முடித்தேன்.
சேர்த்துப் பார்த்தால் ஐந்து அதிகம்.
ஐம்பது பேருக்குத்தான் மூன்றாம் நாள் உண்டு.
நான்குக்குள் நிற்பவர்கள் சரியாக ஐம்பது.
கடைசிக் குழு இன்னும் திடலில்.

அம்மா அழைத்தா.
"வெண்டனியோ?"
"இன்னும் தோற்கேல்லை அம்மா."
"அப்ப சாப்பிடு."

காரின் பின்கதவைத் திறந்துவைத்து
ஈரக் காலுறையோடு உட்கார்ந்து
திரையை இழுத்து இழுத்து விட்டேன்.
செரிஸ் ப்ரோபர்ட். நான்கு அதிகம். ஒரு குழி பாக்கி.
வேல்ஸ்காரி.
புதன்கிழமை குழாயடியில் எனக்கு முன்னால் காலணி கழுவியவள்,
தண்ணீரை நிறுத்தாமலே நகர்ந்து எனக்கு விட்டவள்.
அவள் ஒன்று தவறவிட்டால் போதும்.
ஒன்றே ஒன்று.
ஐந்தில் நிற்கும் எல்லோரும் உள்ளே போவோம், அவளும்தான்.
யாருக்கும் நட்டமில்லாத வேண்டுதல் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சொல்லிக்கொண்டே எழுந்து
பதினெட்டாவது கொடிக்குப் போனேன்.

தமிழில் அடிப்பதும் அடி, அளப்பதும் அடி.
பன்னிரண்டடியிலிருந்து அவளுடைய நான்காம் அடி.
தவறு, என்றேன், வாய் திறக்காமல்.
பந்து விளிம்பை நக்கிவிட்டு
மூன்றடி தாண்டி நின்றது.

போதும். என் காரியம் முடிந்தது.
திரும்பி நடந்திருக்கலாம்.
மூன்றடியைக் குழந்தைகூடப் போட்டுவிடும் என்பார்கள்
இந்த ஆட்டத்தை ஆடாதவர்கள்.
விழு, விழு என்று இப்போது வேண்டினேன்.
முன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள
ஒரு ரயில் கடக்கிற நேரம் இருந்தது.
ரயிலும் கடந்தது.

விழவில்லை.

ஆறாவது அடியை நடந்துகொண்டே தட்டினாள்,
கதவைச் சாத்துவது போல.
தொப்பியைக் கழற்றினாள். கூட ஆடியவளுக்குக் கைகொடுத்தாள்.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான்
கைதட்டிக்கொண்டிருந்தேன், எதற்கென்று தெரியாமல்.

குழாயடியில் கேட்டாள்:
"நீ ஐந்தா?"
"ஐந்து."
"நல்லது" என்றாள். அதில் முள் எதுவும் இல்லை, தேடிப்பார்த்தேன்.
அபரிஸ்ட்வித்துக்கு ஒன்பது மணிநேரம் ஓட்ட வேண்டும்,
மலைப்பாதைக்குள் நுழையும்போது இருட்டியிருக்கும்.
பையின் பக்கவாட்டிலிருந்து மழைக் கையுறைகளை எடுத்து
என் காரின் கூரையில் வைத்தாள்.
"நாளைக்கு இங்கே மழை. எனக்கு எதற்கு?"

சொல்லியிருக்க வேண்டும்.
எதை என்று சொல்வது?
டீசல் போதுமா என்று கேட்டேன்.

ஏழு இருபதுக்குப் பெயர் கூப்பிட்டார்கள்.
நான்காவது குழியில்தான் மழை வந்தது.
கையுறை ஒரு அளவு பெரிது,
விரல் நுனிகளில் கொஞ்சம் காலி இடம்.
பிடியை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தேன்.
ரயில் ஒன்று போனது, ஜன்னலெல்லாம் ஆவி படிந்து.