நாற்பத்தொரு தார்

குழி ஆறடி. அளந்துதான் வெட்டினோம்,
நானும் லுவேரோவிலிருந்து வந்த இரண்டு கூலியாட்களும்.
ஒவ்வொரு தாராகத் தராசில் தூக்கி,
எடை சொல்லி, எண் சொல்லி,
சீப்புச் சீப்பாய் வெட்டி உள்ளே தள்ளி
மேலே சுண்ணாம்பு கொட்டினோம்.
நாற்பத்தொரு தார்.
ஒன்றில்கூடப் புள்ளியில்லை.
பதிவேட்டில் கையெழுத்திட்டேன்:
செபுவூஃபு, காவலாளி.

இது வேலிக்கு இந்தப் பக்கம் காய்த்தது.
அந்தப் பக்கம் நபோசாவின் அரை ஏக்கர்.
இலை மஞ்சளித்து, பூ கருகி,
முற்றாத காய் ஒரே வாரத்தில் பழுத்து,
அறுத்தால் உள்ளே துரு.
தண்டை வெட்டினால் சீழ்போல் வடியும்.
வாழையடி வாழையாய் வந்தது அந்த வாடல்,
கன்றுக்குக் கன்று, கத்திக்குக் கத்தி,
தேனுக்கு வந்த ஈயின் காலிலும் கொஞ்சம்.

வேளாண் அலுவலர் சொன்னதையெல்லாம் செய்தாள்.
கத்தியை நெருப்பில் காட்டினாள்.
கவட்டைக் கம்பால் பூவை முறித்தாள்.
நோய் கண்டதை வேரோடு தோண்டினாள்,
தோண்ட ஒன்றும் மிச்சமில்லாதவரை.

ஒருநாள் கம்பிக்கு வெளியே நின்று கேட்டாள்:
"ஒரே ஒரு கன்று."
"முடியாது."
"விஷமா?"
"தெரியாது."
"விஷமில்லையா?"
"அதுவும் தெரியாது."
"அப்புறம் என்னதான் தெரியும் உனக்கு?"
எண்ணத் தெரியும். அதற்குத்தான் சம்பளம்.

ஆய்வுக்கார அம்மா அச்செங்கிடம் கேட்டேன்.
குடைமிளகாயின் மரபணு ஒன்றை
இதற்குள் வைத்திருக்கிறோம் என்றார்.
"குடைமிளகாய் தின்பதுதானே?"
"தின்பதுதான்."
"அப்படியென்றால் இது?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நான் சாப்பிடுவேன்.
ஆனால், நான் சாப்பிடுவேன் என்பது ஆதாரமாகாது."

வானொலியில் ஒருவர், தின்றால் மலடு என்கிறார்.
இன்னொருவர், தின்னாவிட்டால் பட்டினி என்கிறார்.
இரண்டுமே நன்றாகச் சாப்பிட்ட குரல்.
என் மைத்துனன் கேட்பது வேறு:
முதல் கன்றைச் சும்மா தருவார்கள்,
அதன் கன்றின் கன்று யாருடையது?
அதற்கு வானொலியில் யாரும் வாய் திறப்பதில்லை.

குழியை மூடிய மறுநாள் விடிகாலை
மண்மேடு கொஞ்சம் தாழ்ந்திருந்தது.
மழை பெய்யவில்லை.
கம்பிக்கடியில் நாய் நுழையும் அளவுக்குப் பள்ளம்.
நாய் வாழைக்காய் தின்னாது.
மண்வெட்டியால் மட்டம் தட்டிவிட்டு
பதிவேட்டில் எழுதினேன்:
குறிப்பிடும்படி ஏதுமில்லை.

அன்று மாலை அவள் வீட்டைக் கடக்கையில்
இலையில் பொதிந்து மட்டோக்கே அவியும் மணம்.
ஆறு மாதமாய்ச் சோளக்களி கிண்டிய அடுப்பு அது.
"வா, சாப்பிடு" என்றாள்.
சமைக்கும் வீட்டைக் கடப்பவரை
எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்.
"சந்தையில் வாங்கினேன்" என்றாள்,
நான் கேட்காமலே.
கொல்லையோரம் தோல் குவியல்,
தோலில் வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது.
காலால் மண்ணைத் தள்ளி மூடினேன்.
"இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று
பசியோடு பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள்.
பள்ளிக்கூடப் பாதை எங்கள் இரும்புக் கதவைத் தாண்டித்தான்.
திங்கள், மூவர்.
செவ்வாய், மூவர். பெரியவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.
புதன், இருவர்.
"கமியா எங்கே?" என்று கத்திவிட்டேன்.
கதவுக்கு வெளியே ஓடியே போய்விட்டேன்.
செருப்பு அறுந்துவிட்டதாம்,
பின்னால் வருகிறானாம்.
வந்தான்.
ஒற்றைச் செருப்பும் கையில் இன்னொன்றுமாய்,
என்னை விநோதமாய்ப் பார்த்துக்கொண்டே போனான்.

இன்றும் கதவருகே நின்றிருந்தேன்.
அச்செங் அம்மா ஜீப்பை நிறுத்தி
கண்ணாடியை இறக்கினார்.
"என்ன எண்ணுகிறீர்கள், செபுவூஃபு?"

வாழை, என்றேன்.